தெரியாம வெடிச்ச துப்பாக்கிக் காயத்துக்கும் ஆஸ்பத்திரிக்காரங்க போலீஸுக்கு சொல்லணுமா?

பதிவிட்டவர்: டெக்ஸாஸ்_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நடந்தது, இன்னும் படபடப்பு அடங்கல, கோர்வையா எழுத வருமான்னு தெரியல, பொறுத்துக்கங்க.

நாங்க இருக்கறது டெக்ஸாஸ்ல. தம்பியும் எங்களோடதான் இருக்கான், கிரீன் கார்டு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி கடையில எல்லா பேப்பரும் ஃபில் பண்ணி முறையாத்தான் ஒரு பிஸ்டல் வாங்கினான். மாசத்துக்கு ஒரு தடவ ரேஞ்சுக்கு போய் சுட்டுட்டு வருவான், வந்த கையோட சுத்தம் பண்ணி பெட்டியில வெச்சு பூட்டிருவான். அன்னிக்கும் டைனிங் டேபிள்ல துணிய விரிச்சு உக்காந்தான். மேகசின கழட்டிட்டான், அதனால காலின்னு நெனச்சுட்டான், ஆனா சேம்பர் உள்ள, அதாவது சுடத் தயாரா தோட்டா நிக்கற குழல் பகுதியில, ஒரு தோட்டா இருந்திருக்கு. அந்த மாடல்ல மேல இருக்கற ஸ்லைட கழட்டணும்னா முதல்ல ட்ரிகர அழுத்தியே ஆகணுமாம். இடது கையால முன்பக்கத்த புடிச்சுக்கிட்டு அழுத்திட்டான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதைய பிச்சுக்கிட்டு குண்டு கப்போர்டு கதவுல போய் பொதிஞ்சிருச்சு. காது அடைச்சு போச்சு எனக்கு, ஒரு நிமிஷம் அவன் வாய் அசையறது தெரியுது, சத்தம் வரல.

நாங்க பண்ண முதல் தப்பு, உடனே ஆஸ்பத்திரிக்கு போகல. போலீஸ் வரும், கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆயிரும்னு அவன் ஒரே பிடிவாதம். அம்மா வேற மஞ்சள் வெச்சு கட்டலாமாங்கறாங்க. டவல் மேல டவல் சுத்தி ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டோம், மூணாவது டவலும் நனைஞ்சப்பதான் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போனேன். அங்க போய் டிரில் மிஷின் பட்டிருச்சுன்னு சொல்லிட்டான். நர்ஸ் ஒண்ணும் சொல்லல, எக்ஸ்ரே எடுத்தாங்க, டாக்டர் வந்து கதவ சாத்திட்டு நிதானமா "உண்மைய சொன்னாத்தான் சரியா வைத்தியம் பாக்க முடியும்"னு சொன்னாரு, அப்பதான் உண்மைய சொன்னான். சொன்ன அரை மணிக்குள்ள ஒரு போலீஸ் ஆபீசர் வந்து நிக்கறாரு. சட்டைய கத்தரிச்சு எடுத்து ஒரு காகிதப் பையில போட்டு ஒட்டி அவர் கையில கொடுத்துட்டாங்க, ஏதோ கொலை கேஸ் மாதிரி. சாயந்தரம் வீட்டுக்கு வந்து கப்போர்ட போட்டோ எடுத்தாங்க, பிஸ்டலயும் கொண்டு போயிட்டாங்க. அரெஸ்ட் எதுவும் பண்ணல.

இப்ப எனக்கு இருக்கற கேள்வி. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம போலீஸுக்கு சொல்ல ஆஸ்பத்திரிக்கு உரிமை இருக்கா, நோயாளி விவரத்த ரகசியமா வெச்சுக்கணும்னு சட்டம் இருக்கே? முதல்ல டிரில்னு பொய் சொன்னது ரெக்கார்டுல ஏறியிருக்கும், அதனால பிரச்சனை வருமா? அடுத்த வருஷம் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்றதா இருக்கான், அதுக்கு என்ன ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரி தூக்கமே இல்ல.

---

பதில்: நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்

தங்கச்சி, முதல்ல தம்பி கை எப்படி இருக்கு? விரல் எல்லாம் உணர்ச்சி இருக்கா, மடக்க வருதா? அத கவனிங்க. அந்த இடத்துல நரம்பும் சின்ன தசையும் நெறைய இருக்கு, கை சர்ஜன்கிட்ட ஃபாலோ அப் கொடுத்திருந்தா தவற விட்றாதீங்க.

நான் எமர்ஜென்சியில 11 வருஷமா இருக்கேன், முதல்ல கலிஃபோர்னியா, இப்ப டெக்ஸாஸ். உங்க முதல் கேள்விக்கு பதில், சொல்லியே ஆகணும், எங்களுக்கு வேற வழியே கிடையாது. டெக்ஸாஸ் சட்டத்துல துப்பாக்கிக் காயத்துக்கு வைத்தியம் பாத்த டாக்டர் உடனடியா அந்த ஊர் போலீஸுக்கோ கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) போலீஸுக்கோ தெரிவிக்கணும்னு இருக்கு, சொல்லாம விட்டா அவருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ அபராதமோ போடலாம். அதுல 'யாராவது சுட்டிருந்தா'ன்னு ஒரு நிபந்தனையும் கிடையாது, குண்டு பட்ட காயமா, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவுல இன்னும் தெளிவா, தானே சுட்டுக்கிட்டதா இருந்தாலும் அடுத்தவங்க சுட்டதா இருந்தாலும் சொல்லணும்னு எழுதியே வெச்சிருக்காங்க, உடனே ஃபோன் பண்ணணும், ரெண்டு வேலை நாளுக்குள்ள எழுத்துலயும் அனுப்பணும். நியூயார்க்ல வெடிமருந்து சுட்ட தீக்காயம் இருந்தாக்கூட சொல்லணும். மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் மாறும், நாடு முழுக்க ஒரே சட்டம்னு இதுக்கு கிடையாது, ஆனா பெரும்பாலான மாநிலத்துல இதே கதைதான்.

ரகசியம் காக்கற சட்டம்னு நீங்க சொல்றது ஹிப்பா, 1996ல வந்தது. அந்த விதிகள்லயே, மாநிலச் சட்டம் சில வகைக் காயங்கள சொல்லச் சொன்னா அத போலீஸுக்கு சொல்லலாம், நோயாளி சம்மதம் தேவையில்லன்னு இருக்கு. அதனால அந்த டாக்டர் உங்கள ஏமாத்தல, அவர் கடமைய செஞ்சாரு.

சட்டைய பத்தி சொன்னீங்களே, அது மனசுல உறுத்திருக்கும்னு புரியுது. குற்றவாளின்னு நெனச்சு பண்றதில்ல. துணியில குண்டு துளைச்ச இடத்தையும் வெடிமருந்துக் கறையையும் வெச்சுத்தான் எவ்வளவு தூரத்துல இருந்து வெடிச்சதுன்னு பாப்பாங்க. அதனாலதான் கத்தரிக்கறப்ப அந்த இடத்து வழியா வெட்டக்கூடாதுன்னு எங்களுக்கு சொல்லித் தருவாங்க. பிளாஸ்டிக் பையில போட்டா ஈரம் தங்கி பூஞ்சை புடிச்சிரும், அதுக்குத்தான் காகிதப் பை. உங்க தம்பி சொன்னது உண்மைன்னா அந்தச் சட்டைதான் அவனுக்கு சாட்சி. கையெட்டுற தூரத்துல வெடிச்சதுன்னு அதுவே சொல்லும்.

இப்ப, 'விபத்துன்னு நாங்கதான் சொல்றோமே, அப்புறம் எதுக்கு போலீஸ்'னு கேப்பீங்க. பல வருஷம் முன்னாடி ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு பொண்ணு வந்தா, தொடையில குண்டு. புருஷன்தான் கூட்டிட்டு வந்தாரு, சுத்தம் பண்றப்ப வெடிச்சிருச்சுன்னு அவரேதான் பேசறாரு, அந்தப் பொண்ணு தலைய மட்டும் ஆட்டுது. நான் பிரஷர் பாக்க கைய தூக்கினேன், மேல் கையில பழைய காயம், மஞ்சளும் பச்சையுமா, நாலு விரல் பதிஞ்ச மாதிரி வரிசையா. போலீஸ் வந்து அவர வெளிய கூட்டிட்டு போனதுக்கு அப்புறம்தான் அவ வாயத் தொறந்து பேசினா. அன்னிக்கு 'விபத்துதானே'ன்னு நான் முடிவு பண்ணியிருந்தா அவ அதே கார்ல அதே வீட்டுக்கு போயிருப்பா. எது விபத்து, எது இல்லன்னு கண்டுபிடிக்கற வேலைய எங்க தலையில சட்டம் வைக்கல, அது நல்லதுன்னு மனசார நம்பறேன்.

டிரில் விஷயம்: முதல்ல இப்படி சொன்னாரு, அப்புறம் இப்படி சொன்னாருன்னு ரெண்டுமே சார்ட்ல, அதாவது ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருக்கும். பயத்துல முதல்ல மாத்தி சொல்றவங்க தெனமும் வர்றாங்க, எங்களுக்கு இது புதுசில்ல. எக்ஸ்ரேல பல சமயம் உலோகத் துகள் வெள்ளை வெள்ளையா புள்ளி வெச்ச மாதிரி தெரியும், டிரில் பட்டா அப்படி வராது, அதனால நர்ஸுக்கு அப்பவே புரிஞ்சிருக்கும். போலீஸ்கிட்ட உண்மைய சொன்னானா? அதுதான் முக்கியம்.

---

பதில்: கோடிங்_சென்னை

நான் சென்னையில மெடிக்கல் கோடிங் பாக்கறேன், அதாவது சார்ட்ல டாக்டர் எழுதினத படிச்சு ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய கோட் எண் போடற வேலை, அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்தான் தெனமும் என் ஸ்க்ரீன்ல. சிஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், ஏன்னா 'ரெக்கார்டுல ஏறியிருக்கும்'ங்கற பயம் நெறைய பேருக்கு இருக்கு.

கைத்துப்பாக்கி தற்செயலா வெடிச்ச காயத்துக்கு டபிள்யூ32ன்னு கோட். வேணும்னே தன்னத்தானே சுட்டுக்கிட்டா எக்ஸ்72, அடுத்தவங்க தாக்குனா எக்ஸ்93, எப்படின்னு தீர்மானிக்க முடியலன்னு டாக்டரே எழுதினா மட்டும் ஒய்22. டாக்டர் எந்த விவரமும் எழுதாம விட்டா என்ன பண்ணணும்? தற்செயல்னே போடணும், இது கோடிங் வழிகாட்டுதல்லயே இருக்கற விதி. அதனால ஆஸ்பத்திரி ரெக்கார்டுல 'விபத்து'ன்னு இருக்கறத வெச்சு அது நிஜமாவே விபத்துன்னு சொல்லிர முடியாது, பல தாக்குதல் கேஸ் இப்படி விபத்து கணக்குல போய் உக்காருது. ராத்திரி மூணு மணிக்கு ஒரு சார்ட் வரும், 'ஜிஎஸ்டபிள்யூ (துப்பாக்கிக் காயம்), இடது தொடை'ன்னு ஒரே வரி இருக்கும், யார் சுட்டா, எப்படின்னு ஒரு எழுத்து இருக்காது, நான் டபிள்யூ கோட் போட்டுட்டு அடுத்தத தொறக்கணும். மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும்.

அப்புறம், கோடும் போலீஸுக்கு போற ரிப்போர்ட்டும் வேற வேற பாதை. நாங்க என்ன கோட் போடறோம்ங்கறது இன்சூரன்ஸ் பில்லுக்கும் புள்ளிவிவரத்துக்கும் போகும். போலீஸுக்கு தகவல் போறது நோயாளி படுக்கையில இருக்கறப்பவே நடந்து முடிஞ்சிருக்கும்.

சார்ட்ல தப்பா ஏதாவது இருந்தா திருத்தச் சொல்லி எழுதிக் கேக்கற உரிமை ஹிப்பாவுல இருக்கு, 60 நாளுக்குள்ள பதில் சொல்லணும். ஆனா தம்பி டிரில்னு சொன்னது நிஜமா நடந்ததுதானே, அத எடுக்கச் சொல்லாதீங்க. 'பின்னர் நோயாளி உண்மை விவரம் கூறினார்'ங்கறது அதுல இருக்கான்னு மட்டும் ஒரு காப்பி வாங்கிப் பாருங்க.

---

பதில்: ரவுண்ட்_ராக்_பையன்

மன்னிக்கணும், எனக்கு இதுல முழுசா ஒப்புதல் இல்ல. சட்டம் நல்லெண்ணத்துல போட்டதா இருக்கலாம், ஆனா அக்காவே ரெண்டு மணி நேரம் ரத்தத்தோட உக்காந்திருந்தாங்களே, அது எதனால? போலீஸ் பயத்துலதானே? என் ஃப்ரெண்ட் ஒருத்தன், எச்1பி விசா, ஆபீஸ் நண்பர்களோட ஒருத்தர் பண்ணையில காடை சுடப் போனான். யாரோ திரும்பறப்ப வெடிச்சு ரெண்டு சின்ன ரவை கெண்டைக்கால்ல ஏறிருச்சு. ஆஸ்பத்திரி போனா போலீஸ், போலீஸ் வந்தா விசான்னு பயந்து வீட்லயே ஊக்கு வெச்சு நோண்டி எடுக்கப் பாத்திருக்கான். நாலாம் நாள் கால் வீங்கி சிவந்து ஜுரத்துல பொலம்பறான், அப்பதான் எங்களுக்கே தெரியும், தூக்கிட்டு போனோம். பத்து நாள் படுக்கை. இந்த சட்டம் இல்லன்னா அவன் முதல் நாளே போயிருப்பான். டாக்டர்கிட்ட பேசறது டாக்டரோட நிக்கணும், அதுதான் என் கருத்து.

---

பதில்: நைட்_ஷிஃப்ட்_நர்ஸ்

தம்பி, நீ சொல்றது பொய்யில்ல, அந்த பயத்த நானும் தெனமும் கண்ணால பாக்கறேன். ஆனா பயத்துக்கு காரணம் சட்டம் மட்டும் இல்ல, சட்டம் என்ன சொல்லுதுன்னு யாரும் முன்கூட்டியே சொல்லாததும்தான். நாங்க தகவல் கொடுக்கறது உள்ளூர் போலீஸுக்கு, இமிக்ரேஷனுக்கு இல்ல. 1986ல இருந்து எம்டாலான்னு ஒரு மத்திய சட்டம் இருக்கு, எமர்ஜென்சிக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் பணம், இன்சூரன்ஸ், விசா எதையும் பாக்காம முதல்ல பரிசோதிச்சு உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்கு கொண்டு வரணும். போலீஸ் வாசல்ல நின்னாலும் வைத்தியம் நிக்காது. வலியில இருக்கறப்ப, மயக்க மருந்து கொடுத்திருக்கறப்ப விசாரிக்க வந்தா 'கொஞ்சம் பொறுங்க'ன்னு நானே நிறுத்தியிருக்கேன்.

உன் ஃப்ரெண்டுக்கு ஊக்கு வெச்சு நோண்டுனதுலதான் கால் போக இருந்துச்சு. ரவையோ குண்டோ போறப்ப பேண்ட் துணி நூலையும் அழுக்கையும் உள்ள இழுத்துட்டு போகும், அதுதான் சீழ் புடிக்க வைக்கும். சில சமயம் உலோகத்த உள்ளயே விட்ருவோம், அழுக்க மட்டும் கழுவி எடுப்போம், காயத்த உடனே தைக்காம தொறந்தே வைப்போம். வீட்ல யாராலயும் இத பண்ண முடியாது.

---

பதில்: பாரலீகல்_பேசறேன்

நான் வக்கீல் இல்ல, இமிக்ரேஷன் வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், அந்த அளவுல எடுத்துக்கங்க.

அக்கா, ஆஸ்பத்திரி தகவல் கொடுத்தது அரெஸ்ட் கிடையாது, கேஸும் கிடையாது. சிட்டிசன்ஷிப் ஃபார்ம், என்-400, அதுல எப்பவாவது போலீஸ் அரெஸ்ட் பண்ணாங்களா, சைட்டேஷன் (குற்ற நோட்டீஸ்) கொடுத்தாங்களா, தடுத்து வெச்சாங்களான்னு கேள்வி வரும். அன்னிக்கு ஆஸ்பத்திரியில பேசினது 'தடுத்து வெச்சது'ல வருமாங்கறத ஃபார்ம் போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டி முடிவு பண்ணுங்க, நீங்களா யூகிச்சு டிக் அடிக்காதீங்க. இப்பவே போலீஸ்கிட்ட கேஸ் நம்பரும், பிஸ்டல் எடுத்துட்டு போனதுக்கு ரசீதும், ரிப்போர்ட் காப்பியும் வாங்கி ஃபைல்ல வெச்சிருங்க, மூணு வருஷம் கழிச்சு தேடறப்பதான் இதோட அருமை தெரியும். டாக்டர்கிட்ட டிரில்னு சொன்னதுக்கும் போலீஸ்கிட்ட பொய் சொல்றதுக்கும் நெறைய வித்தியாசம். டெக்ஸாஸ்ல விசாரிக்கற போலீஸ்கிட்ட தெரிஞ்சே பொய் சொல்றது தனிக் குற்றம். அவங்ககிட்ட 'வக்கீலோட பேசறேன்'னு சொல்லலாம், ஆனா கதை மட்டும் கட்டக்கூடாது.

ரவுண்ட் ராக் தம்பிக்கு: உங்க ஃப்ரெண்ட் பயந்ததுக்கு நிஜமாவே ஒரு காரணம் இருக்கு, ஆனா அது ஆஸ்பத்திரி சட்டம் இல்ல. எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கறதையே மத்திய சட்டம் தடுக்குது. செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருக்கறது மாதிரி சில விலக்கு மட்டும்தான். கிரீன் கார்டுக்கு இந்த தடை கிடையாது. ஆபீஸ்ல கூப்பிடறாங்கன்னு கிளம்பிப் போற பசங்களுக்கு இது தெரியறதே இல்ல, தயவுசெஞ்சு உங்க வட்டத்துல சொல்லுங்க.

இன்னொண்ணு அக்கா, வீட்ல குழந்தை யாராவது இருக்காங்களா? டெக்ஸாஸ்ல 17 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளை கைக்கு தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கற மாதிரி விட்டா, விட்டவங்க மேல குற்றம். பிள்ளை அத சுட்டு உயிர் போனாலோ பெரிய காயம் ஆனாலோ தண்டனை இன்னும் கூடும். அதனாலதான் கேக்கறேன்.

---

பதில்: ரொறன்ரோ_மச்சான்

நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச ஒன்டாரியோவில 2005ஆம் ஆண்டு இதுக்கெண்டே ஒரு சட்டம் கொண்டு வந்தவை, கனடாவில முதல் முதல் வந்தது அதுதான், பிறகு வேற மாகாணங்களும் எடுத்துக்கொண்டினம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஆஸ்பத்திரி சொல்ல வேண்டியது மூண்டே விசயம்தான்: சூட்டுக் காயத்தோட ஒராள் வந்திருக்கிறார், தெரிஞ்சா அவற்ற பேர், ஆஸ்பத்திரி எது, எங்க இருக்கு. காயம் எப்பிடி, ஆள் என்ன சொன்னவர் எண்டதெல்லாம் அதில இல்லை.

என்ர மச்சாள் லண்டனில டொக்டரா இருக்கிறா. அங்க டொக்டர்மாரை ஒழுங்குபடுத்திற ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின்ர வழிகாட்டல்தான், 2017இல புதுப்பிச்சவை. சூட்டுக் காயம் வந்தா பொலிஸுக்கு சொல்ல வேணும், ஆனா முதல் சொல்லேக்க வழமையா பேர் விலாசம் குடுக்கிறேல்ல. கத்திக் காயம் தவறுதலா பட்டது எண்டா சொல்லத் தேவையில்லை, துவக்கெண்டா லைசென்ஸ் உள்ள ஆளுக்குத் தவறுதலா வெடிச்சாலும் சொல்ல வேணும், ஏனெண்டா அந்த ஆள் துவக்கு வைச்சிருக்கலாமோ எண்டு பொலிஸ் பாக்க வேணுமாம். எனக்கு இந்த முறைதான் பிடிச்சிருக்கு, ஆளைக் காட்டிக் குடுக்காமல் ஊரையும் பாதுகாக்கலாம்.

தங்கச்சி, தம்பிக்குக் கை சுகமாக வேணும்.

---

பதில்: டெக்ஸாஸ்_அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொரு பதிலையும் தம்பிக்கு சத்தமா வாசிச்சு காமிச்சேன். நர்ஸ் அக்கா, விரல் மடக்கறான், கட்டை விரல் ஓரத்துல மட்டும் மரத்த மாதிரி இருக்காம், வியாழக்கிழமை சர்ஜன பாக்கறோம். போலீஸ்கிட்ட முழு உண்மைதான் சொன்னான். இன்னிக்கு அவங்களே ஃபோன் பண்ணாங்க, விபத்துன்னு முடிச்சுட்டாங்களாம், ரசீதோட வந்து பிஸ்டல வாங்கிக்கலாம்னாங்க. ரிப்போர்ட் காப்பிக்கு எழுதிக் கொடுத்துட்டோம்.

பாரலீகல் கேட்டதுக்கு பதில் சொல்லணும். முதல் பதிவுல நான் அத எழுதல, எழுத தைரியம் வரல. என் பொண்ணுக்கு நாலு வயசு. அன்னிக்கு அவ அதே டேபிள்ல மாமாவுக்கு எதிர்ல உக்காந்து கலர் அடிச்சுக்கிட்டு இருந்தா. குண்டு பாஞ்ச கப்போர்டு கதவு அவ நாற்காலிக்கு பின்னாடி இருக்கு. வீட்டுக்கு வந்த ஆபீசர் அந்த ஓட்டையில விரல வெச்சு பாத்தாரு, அப்புறம் மண்டி போட்டு அவ நாற்காலி உயரத்துல இருந்து டேபிள் வரைக்கும் கண்ணால அளந்தாரு, ஒண்ணும் பேசல. ஆஸ்பத்திரியில போலீஸ் வந்ததுக்கு அவ்வளவு கோவப்பட்டேன், ஆனா அவர் மண்டி போட்டப்பதான் அன்னிக்கு என்ன நடந்திருக்கும்னு எனக்கு உறைச்சுது.

பிஸ்டல வாங்கப் போகலன்னு தம்பி சொல்லிட்டான். வாங்காம விட்டா அத என்ன பண்ணுவாங்க, எழுதிக் கொடுக்கணுமான்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.